மழை விழுது, மண்ணு குடிக்கமாட்டேங்குது: இறுகிப்போன கொல்லையை சரிபண்ற வழி

வேலூர் மாவட்டத்துல குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் மேட்டுக் கொல்லை (மானாவாரி நெலம்) வச்சிருக்கிறவங்க யாரு கிட்ட பேசினாலும் மழை பத்தலைன்னு தான் சொல்றாங்க. நம்ம பக்கம் வருஷத்துக்கு சுமாரா 900லேருந்து 1000 மில்லிமீட்டர் மழை விழுது, ராஜஸ்தான் ஜெய்சால்மர்ல சராசரியே 200ஐ ஒட்டித் தான் இருக்கும். இவ்ளோ மழை விழுற ஊர்ல, மழை விட்டு பத்து நாள் ஆகறதுக்குள்ள மல்லாட்டை (வேர்க்கடலை) தலை தொங்குதுன்னா, விழுந்த தண்ணி எங்க போச்சுன்னு தான் தேடணும். மழை பெய்யும்போது கொல்லையோட தாழ்ந்த மூலையில போயி நின்னு பாருங்க, செக்கச்செவேல்னு வரப்பு தாண்டி ஓடையில போய்க்கிட்டு இருக்கும். தண்ணியும் போகுது, கூடவே நல்ல மேல்மண்ணும் போகுது.

தண்ணி உள்ள எறங்காததுக்கு நம்ம பக்கம் மூணு காரணம் இருக்கு. மேல சில மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு ஓடு கட்டிக்கிறது ஒண்ணு. கீழ ஒரு சாண் ஆழத்துல டிராக்டரும் கலப்பையும் அழுத்தி அழுத்தி கெட்டியாக்குன தட்டு ரெண்டாவது. பாலாத்தங்கரையில தோல் தொழிற்சாலை ஓரத்து நெலங்கள்ல உப்பு ஏறி மண்ணோட துவாரமே அடைச்சுக்கிறது மூணாவது. இந்த மூணுக்கும் வைத்தியம் வேற வேற, ஒண்ணுக்குப் பண்றதை இன்னொண்ணுக்குப் பண்ணா காசும் போகும், மண்ணும் இன்னும் மோசமாகும். அதனால டிராக்டர்காரருக்கு போன் போடறதுக்கு முன்னாடி எது நம்ம சீக்குன்னு கண்டுபிடிச்சுக்கணும், அது பெரிய செலவு கிடையாது.

இதை ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கணும்

அமெரிக்காவுல கலிபோர்னியா, அரிசோனா பாலைவனத்துல 1942லேருந்து 1944 வரைக்கும் ஜெனரல் பேட்டன் ஆரம்பிச்சு வச்ச ராணுவப் பயிற்சி முகாம் நடந்துச்சு. அங்க ஓடுன டாங்கி தடம் 80 வருஷம் தாண்டியும் இன்னிக்கும் தரையில தெரியுது. அந்த மாதிரி பாலை மண்ணு நல்லா அழுந்திட்டா தானா இளகி பழைய நெலைக்கு வர நூறு வருஷத்தை ஒட்டி ஆகும்னு மொஹாவி பாலைவனத்துல ஆராய்ச்சி பண்ணவங்க கணக்கு சொல்றாங்க. குவைத்துல 1991 போர்ல கனரக வண்டிங்க ஓடி பாலைவனத்தை அழுத்துனது போதாதுன்னு, எரிஞ்ச எண்ணெய்க் கிணறுங்களோட புகைக்கரியும் எண்ணெய்த்துளியும் விழுந்து மணலோட சேர்ந்து தாரு போட்ட மாதிரி ஒரு மூடி வேற கட்டிக்கிச்சு.

ஒரு விஷயம் கவனிங்க, ஒரே சைஸ்ல இருக்கிற சுத்தமான மணல்மேடு அவ்வளவா அழுந்தாது. பெருமணல், பொடிமணல், வண்டல், கொஞ்சம் களி, கூடவே சரளைன்னு கலந்து கெடக்குற மண்ணு தான் ரொம்ப அழுந்தும், ஏன்னா பெரிய துகளோட இடுக்குல சின்னது போயி உக்காந்துக்கும். நம்ம செம்மண் கொல்லை கிட்டத்தட்ட இந்த ஜாதி தான். கரிசல் மண்ணா இருந்தா கோடையில பாளம் பாளமா வெடிச்சு தன்னையே உழுதுக்கும், செம்மண்ல இருக்கிற களிக்கு அந்த அளவு உப்பி சுருங்குற குணம் இல்ல. அது தானா இளகாது, மனுஷன் தான் கை வைக்கணும், இல்லன்னா வேரும் புழுவும் கறையானும் செய்யணும்.

பாலைவனத்துல மழை, வேரு, புழு மூணுமே கொறைவு, அதனால அங்க ஆறாம கெடக்குது. நமக்கு மூணும் இருக்கு, இப்போ விட்டுட்டா அதுவும் போயிடும், அதான் எனக்கு அவசரம்.

சோதனை ஒண்ணு: கம்பி

மூணு அடி நீளத்துக்கு 8 இல்லன்னா 10 எம்எம் கட்டடக் கம்பி ஒண்ணு எடுத்து ஒரு முனையை கூராக்கி, இன்னொரு முனையை கைப்பிடியா வளைச்சுக்கோங்க. நல்ல மழை பெஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு, மண்ணு ஈரமா இருக்கும்போது கையால மட்டும் அமுக்குங்க, சுத்தி எடுத்துடாதீங்க. காஞ்ச மண்ணுல இதை செஞ்சா எல்லா எடமும் கெட்டியா தான் தெரியும், ஒண்ணும் புரியாது. சரசரன்னு எறங்கிக்கிட்டு வந்து ஒரு சாண் கிட்ட சட்டுனு நின்னுச்சுன்னா அங்க தட்டு இருக்கு. ஒரு எடத்துல நின்னா அது கல்லா கூட இருக்கலாம், கொல்லை முழுக்க அங்கங்க குத்திப் பாத்து எல்லா எடத்துலயும் அதே ஆழத்துல நிக்குதுன்னா அது கல்லு கிடையாது. அப்படியே வேலியோரம், புங்கமரத்தடி, டிராக்டரே போகாத எடத்துலயும் குத்திப் பாருங்க, வித்தியாசம் கையிலயே தெரியும்.

கம்பி இல்லாதவங்க ஒரு பழைய துவரைச் செடியோ ஆமணக்கோ வேரோட தோண்டி எடுத்துப் பாருங்க. ஆணிவேர் நேரா கீழ போகாம ஒரு ஆழத்துல பக்கவாட்டுல திரும்பி படுத்திருந்தா அதைவிட பெரிய சாட்சி வேணாம்.

சோதனை ரெண்டு: பைப் வளையம்

6 இன்ச் பிவிசி பைப்ல ஒரு சாண் நீளம் வெட்டி வாங்கி, மேல ஒரு பலகை வச்சு சுத்தியால தட்டி மூணு விரக்கடை மண்ணுல எறக்குங்க, உள்ள இருக்கிற மண்ணைக் கலைக்காதீங்க. உள்ள ஒரு பாலிதீன் கவரை விரிச்சு 450 மில்லி தண்ணி ஊத்தி கவரை மெதுவா உருவிடுங்க, அந்தத் தண்ணி ஒரு இன்ச் மழைக்கு சமம். மொத தடவை ஊத்துனது மண்ணை நனைக்க, அதை கணக்குல எடுக்க வேணாம், ரெண்டாவது தடவை ஊத்துனது எவ்ளோ நிமிஷத்துல எறங்குதுன்னு போன்ல டைம் பாத்து நோட்டுல எழுதிக்கோங்க. இதையே வேலியோரத்துலயும் செய்யுங்க. அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற தூரம் தான் உங்க கொல்லை எவ்ளோ கெட்டுப்போயிருக்குங்கிற கணக்கு. அடுத்து, கொல்லையில வளையம் வச்ச எடத்துக்குப் பக்கத்துலயே மேல ஓடு கட்டுன பகுதியை மட்டும் விரலால பேத்துட்டு மறுபடி ஒரு தடவை பாருங்க. இப்போ வேகமா எறங்குனா கோளாறு மேல் ஓட்டுல, அப்பவும் அசையலன்னா கோளாறு கீழ.

சோதனை மூணு: கட்டி போட்ட தண்ணி

இது தான் எனக்கு ரொம்ப புடிச்ச சோதனை, பத்து பைசா செலவில்ல, சொல்ற சேதி அவ்வளவு. நல்லா காஞ்ச மண்கட்டி பட்டாணி சைஸ்ல நாலஞ்சு எடுத்து, புடிச்சு வச்ச மழைத்தண்ணி இல்லன்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் இருக்கிற கண்ணாடி டம்ளர்ல மெதுவா போடுங்க, கெணத்துத் தண்ணி கூடவே கூடாது. ஆட்டாதீங்க, கலக்காதீங்க. பத்து நிமிஷம், ரெண்டு மணி நேரம், மறுநாள் காலையிலன்னு மூணு வாட்டி பாருங்க.

கட்டி கரையாம அப்படியே இருந்தா நல்ல மண்ணு. உதிர்ந்து விழுந்துடுச்சு, ஆனா தண்ணி தெளிவா இருக்குன்னா மண்ணுல மக்கு இல்ல, ஒட்டிப் புடிச்சுக்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், எருவும் மூடாக்கும் (சருகு, வைக்கோல் போட்டு மண்ணை மூடறது) தான் மருந்து. கட்டியைச் சுத்தி பால் கலந்த மாதிரி வெள்ளையா, கலங்கலா ஒரு வட்டம் பரவுச்சுன்னா சோடியம் இருக்கு, களித்துகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிட்டு தனித்தனியா மெதக்குது. அந்த நெலத்துக்கு ஜிப்சம் இல்லாம வேற எது போட்டாலும் பாதி வேலை தான் நடக்கும்.

மேல் ஓட்டுக்கு என்ன பண்றது

பெரிய மழைத்துளி ஒண்ணு செகண்டுக்கு 8, 9 மீட்டர் வேகத்துல வந்து விழுது. மூடாம கெடக்குற மண்ணுல அது அடிச்சா மண்மணி ஒடஞ்சு பொடியாகி, அந்தப் பொடி துவாரத்துல போயி உக்காந்து அடைச்சுக்கும். அப்புறம் நம்ம வெயில் ரெண்டு நாள் காஞ்சா போதும், அப்பளம் மாதிரி பேந்து வரும். ரோட்டவேட்டர் போட்டு மாவா அரைச்சு வச்ச கொல்லையில இது இன்னும் சீக்கிரம் நடக்குது. பாக்க அழகா இருக்குதுன்னு மானாவாரி செம்மண்ல ரோட்டவேட்டரை ரெண்டு சால் ஓட்டறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க, கொத்துக் கலப்பையில கொஞ்சம் கட்டி கட்டியா இருக்கிற மாதிரி உழுதா அந்தக் கட்டிங்களே மழை அடியைத் தாங்கிக்கும்.

வேளாண் பல்கலைக்கழகம் இந்த மாதிரி மண்ணுக்கு சொல்ற அளவு: சரியான ஈரத்துல ஒரு உழவு, அப்புறம் ஹெக்டேருக்கு 2 டன் ஜிப்சம் இல்லன்னா சுண்ணாம்பு சீரா தூவி இன்னொரு உழவு, அதோட தொழுவுரம் 10 டன் இல்லன்னா மக்க வச்ச தென்னைநார்க் கழிவு 12.5 டன். ஏக்கர் கணக்குல பாத்தா ஜிப்சம் 800 கிலோ, எரு 4 டன், நார்க்கழிவு 5 டன் வரும். வருஷா வருஷம் இவ்ளோ எரு எல்லாராலயும் முடியாதுன்னு தெரியும், மாடு வித்த வீடு தான் ஊர்ல அதிகம். முடியாதவங்க ஏக்கர் முழுக்க தூவாம வெதைக்கிற சால்ல மட்டும் வெதைக்கு மேல எருவைப் போட்டு மூடுங்க, முளை வெளிய வர்ற அந்தக் கோடு இளகலா இருந்தா போதும். ஒடைக்கிற மிஷின்ல கெடைக்கிற மல்லாட்டைத் தோல், ஏரி வண்டல், ஆடு கிடை போட்ட புழுக்கை எல்லாமே ஒதவும். வண்டல் அடிக்கிறவங்க கோடையிலயே அடிச்சு பரப்பிடுங்க, ஈரக் கொல்லையில டிப்பரை விட்டீங்கன்னா மேல ஒண்ணு போட்டு கீழ ஒண்ணைக் கெடுத்த கதை.

ஆடிப்பட்டத்துல வெதைச்ச மூணாம் நாள் அடிச்சு பேஞ்சு அப்புறம் வெயில் கொளுத்துனா என்ன பண்றதுன்னு தான் நிறைய பேரு கேக்குறாங்க. ஓடு முழுசா காஞ்சு கெட்டிப்படறதுக்கு முன்னாடி, கால்ல மண்ணு ஒட்டாத பதத்துல, கருவேல முள்ளுக்கட்டை ஒண்ணு கயித்துல கட்டி சாலுக்கு குறுக்கா லேசா இழுத்துக்கிட்டுப் போங்க, மேல கல்லு வச்சு அழுத்த வேணாம். முளை நுனி ஓடு வரைக்கும் வந்துடுச்சுன்னா இழுக்காதீங்க ஒடஞ்சிடும், அப்போ ஸ்பிரிங்ளர் இருந்தா லேசா ஒரு தண்ணி தெளிக்கிறது தான் வழி. மல்லாட்டை, காராமணி மாதிரி பெரிய வெதைக்கு முட்டிக்கிட்டு வர்ற தெம்பு இருக்கு. எள்ளு, சாமை, கேழ்வரகுக்கு அது இல்ல, அதையெல்லாம் குழிக்கு நாலஞ்சு வெதை சேத்துப் போட்டா சேந்து தூக்கிக்கிட்டு வரும்.

அறுப்பு முடிஞ்சதும் கொல்லையை மொட்டையா விடாதீங்க, இதை மட்டும் கெஞ்சிக் கேக்குறேன். புரட்டாசியில ஈரம் இருக்கும்போதே கொள்ளு தூவிடுங்க, ஐப்பசி கார்த்திகை மழை அடி பூரா அந்தத் தழை மேல விழும். கொழிஞ்சின்னு ஒரு பசுந்தாள் உரச் செடி இருக்கு, ஒரு தடவை புடிச்சுக்கிச்சுன்னா அதுவே வருஷா வருஷம் மொளைக்கும், ஆடும் அவ்வளவா கடிக்காது.

அடி இறுக்கத்துக்கு

இதுக்கு உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில, 40லேருந்து 50 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஒரு தடவை நீளவாக்குல ஒரு தடவை குறுக்கால, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு முறை போதும். 45, 50 எச்பி டிராக்டர் வேணும், சின்ன வண்டி இழுக்காது. வேளாண் பொறியியல் துறையில வாடகைக்கு விடறாங்க, உழவன் ஆப்லயும் புக் பண்ணிப் பாக்கலாம்.

இதுல எல்லாரும் கோட்டை விடற எடம் ஈரம். சாதாரண உழவுக்கு பதமான ஈரம் வேணும், உளிக்கலப்பைக்கு அடிமண்ணு காஞ்சிருக்கணும். காஞ்சிருந்தா தான் உளி போற வழியில தட்டு நாலா பக்கமும் வெடிச்சு ஒடையும், ஈரமா இருந்தா கத்தி போன மாதிரி ஒரு கோடு கிழிச்சுட்டு ரெண்டு பக்கமும் வழவழன்னு இழுகிட்டுப் போயிடும், டீசல் தான் வேஸ்ட். சித்திரை வைகாசி தான் அதுக்கு மாசம். அந்த வருஷமே துவரையோ ஆமணக்கோ ஊடுபயிரா போட்டுடுங்க, தொறந்த வெடிப்புல வேர் போயி எடம் புடிச்சுக்கும், வேர் செத்த பின்னாடி அது தண்ணி எறங்குற குழாயா நிக்கும். சும்மா போட்டு வச்சீங்கன்னா ரெண்டு மழையில மறுபடி படிஞ்சுடும்.

மத்தபடி சாதாரண உழவுக்கு முன்னாடி கலப்பை போற ஆழத்துலேருந்து ஒரு புடி மண்ணு எடுத்து உருண்டை புடிச்சு கட்டைவிரலால அமுக்குங்க. உதிர்ந்தா உழலாம், நசுங்கி பளபளன்னு வந்தா ரெண்டு நாள் பொறுங்க. வண்டி மொத ரெண்டு மூணு தடவை போகும்போதே பெரும்பாலான அழுத்தம் நடந்து முடிஞ்சிடுது, அதனால டிராக்டர், எரு வண்டி, அறுப்பு லோடு எல்லாத்துக்கும் ஒரே தடத்தை ஒதுக்கி விட்டுடறது தான் புத்திசாலித்தனம். ஈரக் கொல்லையில மாடு ஆடு மேய விடறதும் இதே கணக்கு தான், குளம்பு சின்னது, எடை முழுக்க அதுல எறங்கும்.

லேஅவுட் மனை வாங்கி வீடு கட்டி ரெண்டு சென்ட்ல செடி வைக்கப் பாக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அங்க ஜேசிபியும் ரோலரும் ஓடி இறுகுன மண்ணு, கொல்லையைவிட மோசமா இருக்கும். மேல நாலு மூட்டை எரு போட்டா நடக்காது, கோடையில கடப்பாரையால ரெண்டடி ஒடச்சு, தழை, எரு, மேல்மண்ணு கலந்து நெரப்பி ஒரு மழை விட்டு அப்புறம் நடுங்க.

உப்பு ஏறுன நெலம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாத்துப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கதை எல்லாருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு, கெடுத்தவன் தான் சரிபண்ற செலவைத் தரணும்னு நாட்டுக்கே சொல்லுச்சு. ஆனா மண்ணுல எறங்குன சோடியம் தீர்ப்பு வந்ததும் போயிடாது.

இந்த நெலத்துல ஒரு விசித்திரம் நடக்கும். உப்புத்தண்ணி பாயுற வரைக்கும் அந்த உப்பே களித்துகளைச் சேத்துப் புடிச்சு வச்சிருக்கும், சுத்தமான மழைத்தண்ணி விழுந்ததும் உப்பு கரைஞ்சு போயி சோடியம் மட்டும் மண்ணுல ஒட்டிக்கிட்டு நிக்க, களி கரைஞ்சு துவாரம் பூரா அடைச்சுக்கும். நல்ல மழை வருஷத்துல தான் கொல்லை சிமெண்ட் தரை ஆயிடுச்சுன்னு சிலர் சொல்றதுக்கு காரணம் இது தான்.

டம்ளர்ல பால் கலங்கல் வந்தவங்க மண்ணையும் கெணத்துத் தண்ணியையும் லேப்ல குடுத்துடுங்க. மண்ணுல பிஎச் 8.5க்கு மேல, மாற்று சோடியம் (களித்துகள்ல ஒட்டிக்கிட்டிருக்கிற சோடியத்தோட பங்கு) 15 சதவீதத்துக்கு மேலன்னு வந்தா களர் நெலம். ஜிப்சம் எவ்ளோன்னு லேப் சொல்ற அளவைத் தான் போடணும், பக்கத்து கொல்லைக்காரர் போட்ட அளவை இல்ல. ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் சோடியத்தை வெளிய தள்ளும், தள்ளுன சோடியம் வெளிய போக வடிகால் வேணும், வடிகால் வெட்டாம ஜிப்சம் போடறது வீண். மழைக்காலத்துல போட்டு, வரப்பு கட்டி தண்ணி தேக்கி, கீழயும் ஓரத்துலயும் வடிச்சு விட்டு, அடுத்து பசுந்தாள் உரத்துக்குன்னு தக்கைப்பூண்டு வெதைச்சு பூ எடுக்கும்போது மடக்கி உழுங்க.

ஒண்ணுமே மொளைக்காத பொட்டல் திட்டுக்கு

மேற்கு ஆப்பிரிக்காவுல பர்கினா ஃபாசோ நாட்டுல யாத்தெங்கா பகுதியில இப்படித் தான் ஓடு கட்டி பொட்டலா கெடந்துச்சு. யகூபா சவாதோகோன்னு ஒரு விவசாயி 1980கள்ல பழைய குழி முறையை திருத்தி எடுத்தாரு. கோடையிலயே ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் மேல, அரை சாணுக்கு மேல ஆழம்னு குழி தோண்டி ரெண்டு கை எரு போட்டு விட்டா கறையான் வந்து எருவைத் தின்னுக்கிட்டே மண்ணைத் தொளைக்கும், அந்தத் தொளை வழியா மழை எறங்கும். கறையானைக் கூலியில்லாத ஆளா வேலைக்கு வச்சவரு, 2018ல மாற்று நோபல்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது வாங்கி 2023ல காலமானாரு.

அதை அப்படியே நம்ம மல்லாட்டைக் கொல்லைக்கு எடுத்துக்கிட்டு வரக்கூடாது, நம்ம ஐப்பசி மழைக்கு குழியில தண்ணி நின்னு வேர் அழுகிடும். சரிவான பொட்டல்ல சீத்தா, நெல்லி, புளி, வேம்பு நடறவங்களுக்கு அருமையா ஒத்துவரும். மேட்டுப் பக்கம் வாய் தொறந்த மாதிரி அரை வட்டமா கரை போட்டு, நடுக்குழியில எருவும் சருகும் போட்டு, ஓடு மேல ஓடுற தண்ணியை அதுல வாங்கிக்கோங்க. இஸ்ரேல் நெகேவ் பாலைவனத்துல நபாத்தியருங்கிற பழங்கால மக்களோட காலத்து விவசாயிங்க ஓடு கட்டுன மலைச்சரிவு தண்ணியைத் தான் கீழ பள்ளத்து வயலுக்கு திருப்பி வெவசாயம் பண்ணாங்க, அதனால மேட்டுல இருக்கிற ஓடு எல்லாத்தையும் ஒடைச்சே ஆகணும்னு இல்ல. அதுலயும் பாறைச் சரிவுல, மரத்தடியில கரும்பச்சையா மெல்லிசா படர்ந்திருக்கிற பாசி ஓடு இருந்தா தொடாதீங்க, அது உயிருள்ளது, காத்துலயும் மழையிலயும் மண்ணு போகாம புடிச்சு வச்சிருக்கு.

எதைப் பண்ணாலும் ரெண்டு பட்டம் கழிச்சு மொதல்ல வளையம் எறக்குன அதே எடத்துலயும் அதே வேலியோரத்துலயும் மறுபடி 450 மில்லி ஊத்தி நிமிஷத்தை எழுதுங்க. கொல்லை நம்பர் வேலியோர நம்பர் பக்கம் நகர்ந்திருந்தா அதே வழியில போங்க. அசையவே இல்லன்னா மேலுக்கு ஒரு பை, ஒரு சாணுக்குக் கீழ ஒரு பைன்னு மண்ணைத் தனித்தனியா கட்டி, கெணத்துத் தண்ணி ஒரு பாட்டில்ல புடிச்சுக்கிட்டு, உங்க நோட்டோட விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போயி காட்டுங்க.